ஆப்லெட்டுக்கு வெளி ஜார்களைச் சேர்ப்பது எப்படி?

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பழைய ஜாவா ஆப்லெட்டுகளை, அதாவது வலைப்பக்கத்துக்குள் ஓடும் சிறு நிரல்களை, பராமரிக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்பது இது: என் கணினியில் நன்றாக ஓடுகிறது, வலைப்பக்கத்தில் போட்டால் 'கிளாஸ் நாட் ஃபவுண்ட்' (நிரலுக்குத் தேவையான ஒரு பகுதி கிடைக்கவில்லை) என்கிறதே, ஏன்? பெரும்பாலும் அந்தப் பகுதி வெளி ஜாரில், அதாவது பிறர் எழுதிய ஜாவா நிரல்களைக் கட்டி வைத்த கோப்பில், இருக்கும். ஆப்லெட் ஓடுவது சர்வரில் இல்லை, பார்ப்பவரின் பிரௌசரில். அதனால் சர்வரில் கிளாஸ்பாத்தை (ஜாவா நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியலை) எப்படி மாற்றினாலும் பயன் இருக்காது. வலைப்பக்கத்தில் ஆப்லெட்டை வைக்கும் ஆப்லெட் டேக்கில் ஆர்கைவ் (archive) என்று ஒரு பண்பு உண்டு, அதில் உங்கள் ஜார் முதலில், அப்புறம் தேவையான வெளி ஜார்கள் எல்லாம், நடுவே கமா போட்டு எழுதுங்கள், கோப்புகள் அதே டேக்கின் கோட்பேஸ் (codebase) என்ற பண்பு காட்டும் ஃபோல்டரில் இருக்கட்டும். பெயரில் பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினால் லினக்ஸ் சர்வர் தராது. ஜாருக்குள் ஜாரைத் திணிக்காதீர்கள், ஜாவா அதைத் தானாகப் பிரித்துப் படிக்காது. பட்டியல் நீண்டால் உங்கள் ஜாருக்குள் இருக்கும் மேனிஃபெஸ்ட் என்ற விவரக் கோப்பின் கிளாஸ்-பாத் வரியில் எழுதலாம், ஆனால் அங்கே கமா கூடாது, இடைவெளிதான்.

சரி, 2014இல் வந்த ஜாவா 7 அப்டேட் 51 முதல், டிஜிட்டல் கையொப்பமிடாத ஆப்லெட்டை வழக்கமான பாதுகாப்பு அமைப்பே தடுத்துவிடும், அதனால் வெளி ஜார்களையும் சேர்த்தே ஒரே சான்றிதழால் கையொப்பமிடுங்கள். ஜாவா 11இல் ஆப்லெட்டை ஓட்டும் பிரௌசர் பிளக்-இன்னே கிடையாது. அதனால் ஜாவா 8ஐயும் பழைய பிரௌசரையும் தனிக் கணினியில் வையுங்கள், அந்தக் கணினிக்கு வெளி இணையத் தொடர்பு கொடுக்காதீர்கள்.