நன்றி சொல்லத் தெரிந்தவர்களும் செய்யும் தவறுகள்

போன மாதம் பெங்களூர் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போயிருந்தேன். அங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து மொட்டைமாடியில் காய்கறி போட ஆரம்பித்திருக்கிறார்கள். கீரை, தக்காளி, நாலு கொடிப் பந்தல், இரண்டு மண்புழு உரத் தொட்டி என்று எல்லாம் நன்றாகவே இருந்தது. இறங்கி வரும்போது லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு சார்ட் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். வீட்டு எண்ணுக்கு நேராக நட்சத்திரங்கள். விதை கொடுத்தால் ஒன்று, நாற்று கொடுத்தால் இரண்டு, காய் கொடுத்தால் மூன்று. "குடுக்கிறவங்களுக்கு நன்றி காட்டணும் இல்லையா ஆன்ட்டி, அதுக்குத்தான்" என்றாள் அங்கிருந்த ஒரு பெண், முகம் மலர.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதையேதான் நானும் 2018-இல் செய்தேன்.

நன்றி சொல்லாமல் இருப்பது தப்பு, கேட்காமல் பறிப்பது தப்பு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை எழுதப் போவதில்லை. நன்றி காட்ட வேண்டும் என்று மனதார நினைப்பவர்கள் சறுக்கும் இடங்களைத்தான் சொல்கிறேன்.

வெறும் கும்பிடு

ஒருவர் வாட்ஸ்அப்பில் "கத்தரி நாற்று இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று போடுகிறார். பத்துப் பேர் வாங்கிப் போகிறார்கள். அன்று மாலை பத்துக் கும்பிடு படம் வருகிறது. அதோடு முடிந்தது.

நாற்று கொடுத்தவருக்கு வேண்டியது கும்பிடு அல்ல. அந்த நாற்று என்ன ஆச்சு என்ற சேதி. குழித்தட்டில் விதை போட்டு, ஒரு வாரம் பத்து நாள் முளைக்கக் காத்திருந்து, மழைக்கும் புறாவுக்கும் காவல் இருந்து, ஒரு மாதம் வளர்த்துக் கொடுத்திருக்கிறார். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய மாதிரிதான் அது. நான் ஒரு முறை மிளகாய் நாற்று கொடுத்தபோது, கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் ஆறு வாரம் கழித்து ஒரு படம் அனுப்பினான். "நீங்க குடுத்த அஞ்சுல ரெண்டு வாடிப்போச்சு ஆன்ட்டி. மூணு பூ வெச்சிருக்கு." வாடியதையும் சேர்த்துச் சொன்னான் பாருங்கள், அதனால்தான் அவன் முகம் இன்றும் நினைவில் இருக்கிறது. அடுத்த தட்டில் முதல் நாற்றை அவனுக்கென்று எடுத்து வைத்தேன்.

வாங்கும் நாளில் ஒரு முறை, காய்க்கும் நாளில் ஒரு முறை. இரண்டாவதை விட்டுவிடாதீர்கள்.

பரிசு கொடுப்பது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வருடங்கள் ஆகியும் ஆறவில்லை.

எங்கள் மாடித்தோட்டக் குழு 2014-இல் ஒன்பது வீடுகளோடு தொடங்கியது. அல்சூர் ஏரி அருகே 2009-இல் திறந்த திருவள்ளுவர் சிலை இருக்கிறதே, அதன் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுவோம். ஆளுக்கொரு பை. ஒருவர் முருங்கைக் கீரை, ஒருவர் மண்புழு உரம், ஒருவர் வீட்டில் எடுத்த வெண்டை விதை. கணக்கு கிடையாது. பால்கனி மட்டும் உள்ளவர்கள் வெறுங்கையோடு வந்து பை நிறைய எடுத்துப் போவார்கள், யாரும் முகம் சுளித்ததில்லை.

நான்கு வருடத்தில் நாற்பது வீட்டுக்கு அருகே வந்துவிட்டோம். நிறையக் கொடுப்பவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்குத்தான் தோன்றியது. பொங்கலை ஒட்டி ஒரு வீட்டு மாடியில் கூட்டம், மூன்று பேருக்குப் பொன்னாடை, கேடயம். யார் எத்தனை விதைப் பொட்டலம் கொடுத்தார்கள் என்று ஒரு வருடம் நோட்டில் எழுதி வந்தேன். நோட்டு போட்டதும் நான், பரிசு வாங்கி வந்ததும் நான்.

எங்களில் ஒரு அக்கா இருந்தார். செங்கம் பக்கத்துக் கிராமம். பிள்ளையோடு மர்ஃபி டவுனில் வந்து தங்கியவர். ஒவ்வொரு வருடமும் ஆடிக்கு முன்னால் அவரை விதை கொண்டு வருவார். அவர் அம்மா வீட்டு வேலியில் படர்ந்த கொடியின் வழி வந்த விதை. தட்டைக் காய், ஓரத்தில் ஊதா விளிம்பு, கறுப்பு விதையில் வெள்ளைக் கண். அவரை பகல் குறையும் காலத்தில்தான் பூக்கும். ஆடியில் போட்டால் கார்த்திகையில் பூத்து, மார்கழி, தையில் காய்த்துத் தள்ளும். வருடத்துக்கு ஒரே ஒரு முறை ஒரு பெரிய டப்பா விதை, அவ்வளவுதான் அவர் கொடுத்தது. என் நோட்டில் அது "1" என்று இருந்தது.

அந்தப் பொங்கல் கூட்டத்துக்கு அவர் விடியற்காலையிலேயே வந்துவிட்டார். மாடிப்படி ஏறக் கஷ்டப்படும் முழங்காலோடு இரண்டு பை நிறைய அவரைக்காய் கொண்டு வந்து, நறுக்கி, எல்லோருக்கும் பொரியல் செய்தார். நூற்று நாற்பது பொட்டலம் கொடுத்தவருக்கு முதல் கேடயம் கொடுத்தோம். கைதட்டினோம். போட்டோ எடுக்கும்போது அக்கா குழாயடியில் அண்டா கழுவிக்கொண்டிருந்தார். படத்தில் அவர் இல்லை. இதை அன்று நான் கவனிக்கவே இல்லை. இரண்டு வருடம் கழித்துப் படத்தைத் தேடி எடுத்தபோதுதான் தெரிந்தது.

அந்த வாரத்தில்தான் எங்கள் தெருக் கன்னடக் குழந்தைகள் சங்கராந்திக்கு எள்ளு, வெல்லம், கொப்பரை, நிலக்கடலை, பொட்டுக்கடலை கலந்த எள்ளுபெல்லா பொட்டலத்தை வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தது. போன வருடம் யார் எத்தனை கொடுத்தார்கள் என்று ஒரு குழந்தையும் கேட்கவில்லை. கதவைத் திறந்து வாங்கிக்கொண்டு, கேடயத்தில் பெயர் சரியாகப் பொறித்திருக்கிறதா என்று பார்க்க உள்ளே போனவள் நான்.

அடுத்த வருடம் என்ன நடந்தது என்று சொல்கிறேன். பொட்டலங்கள் குவிந்தன. கடையில் வாங்கிய விதையைப் பிரித்து நாலாகக் கட்டியவர்கள் உண்டு. மூன்று வருடப் பழைய வெங்காய விதையைக் கட்டியவர்கள் உண்டு. சந்தேகப்பட்டு ஒரு பொட்டலத்தில் பத்து விதையை ஈரத்துணியில் வைத்துப் பார்த்தேன், மூன்றுதான் முளைத்தது. ஒருவர் ஆர்க்கா ரக்ஷக் தக்காளியிலிருந்து விதை எடுத்து நிறையக் கொடுத்தார். ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ரகம் அது. இலைச்சுருட்டு, பாக்டீரிய வாடல், இலைக்கருகல் மூன்றையும் தாங்கும், உண்மை. ஆனால் அது வீரிய ஒட்டுரகம். பழத்திலிருந்து எடுத்த விதையைப் போட்டால் தாய்ச்செடியின் குணம் எல்லாச் செடியிலும் வராது. கொடுத்தவருக்கு இது தெரியாது. எண்ணிக்கை கூட வேண்டும் என்ற வேகத்தில் விசாரிக்கவும் நேரம் இல்லை.

பால்கனிக்காரர்கள் வருவதைக் குறைத்தார்கள். "நாங்க எடுத்துக்கிட்டே இருக்கோம், நோட்டுல எங்க பேரே இல்ல" என்று ஒரு பெண் சொன்னாள். அவள்தான் ஒவ்வொரு ஞாயிறும் கடைசியில் இடத்தைப் பெருக்கிவிட்டுப் போனவள். பெருக்குவதற்கு என் நோட்டில் பத்தி கிடையாது.

ஆடி வந்தது. அக்கா வந்தார், டப்பா வரவில்லை. கேட்டேன். வருத்தமே இல்லாத குரலில் சொன்னார்: "அதான் எல்லாரும் அத்தனை அத்தனை குடுக்கிறாங்களேம்மா. என் அவரை எதுக்குன்னு அந்த வருசம் விதைக்கு விடாம எல்லாத்தையும் பறிச்சு ஆக்கிட்டேன்."

கோபித்துக்கொண்டிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். அவர் கோபப்படவில்லை. தன் விதை சின்னது என்று நம்பிவிட்டார். நம்ப வைத்தது நான்.

மற்ற வீடுகளில் விசாரித்தேன். ஒருவரிடமும் இல்லை. அக்காதான் வருடா வருடம் தருகிறாரே என்று எல்லோரும் கடைசிக் காய் வரை சமைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் மட்டும் டப்பா மூலையில் கொஞ்சம் கிடைத்தது, வண்டு துளைத்து மாவாகிப் போயிருந்தது. அக்காவின் பிள்ளை அதற்குள் மாடி இல்லாத வீட்டுக்கு மாறியிருந்தார். பிறகு குடும்பத்தோடு ஊருக்கே போய்விட்டார்கள். அங்கே அந்த வேலியும் இப்போது இல்லையாம், காம்பவுண்டுச் சுவர்.

மூன்று கேடயத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் ஆனது. ஓர் அவரை ரகம் போனது.

அதனால் ஒயிட்ஃபீல்டுப் பெண்ணிடம் அங்கேயே சொன்னேன், அந்த சார்ட்டை எடுத்துவிடு என்று. எண்ணினால், எண்ணக்கூடியதை மட்டும்தான் ஜனங்கள் கொடுப்பார்கள். ஊக்கப்படுத்த வேண்டும் என்றால் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு நிமிடம் கொடுங்கள். "இந்த வாரம் என் வீட்டுத் தட்டில் என்ன விழுந்தது, அது யாரால்" என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம். பெருக்குபவர் பெயரும் வருகிறது, புறா வலை கட்டக் கை கொடுத்தவர் பெயரும் வருகிறது.

கசப்பை மறைப்பது

எங்கள் குழுவில் ஒருவர் கொடுத்த சுரைக்காயை இன்னொருவர் வீட்டில் நறுக்கி ருசி பார்த்தால், கடுங்கசப்பு. ஆசையாகக் கொடுத்தவரிடம் எப்படிச் சொல்வது என்று குப்பையில் போட்டுவிட்டு, "கூட்டு பிரமாதம்" என்று செய்தி அனுப்பிவிட்டார். அதே கொடியின் காய் இன்னும் மூன்று வீட்டுக்குப் போயிருந்தது. ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் காலையில் சாறாகக் குடித்து, வாந்தியும் வயிற்றுப்போக்குமாக ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று.

சுரைக்காய் கசந்தால் அதில் குக்குர்பிட்டசின் என்ற நச்சுப் பொருள் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். வேகவைத்தாலும் போகாது. கசக்கும் சுரைச்சாற்றைக் குடிக்கவே கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழு சொல்லியிருக்கிறது. சாறு போடும் முன் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, கொடுத்தவருக்கு உடனே போன் செய்யுங்கள். எல்லோர் முன்னாலும் வேண்டாம், தனியாகச் சொல்லுங்கள். ஆனால் அன்றே சொல்லுங்கள். மற்ற வீடுகளுக்குச் சொல்லி அனுப்ப அவரால்தான் முடியும். முளைக்காத விதைக்கும் இதே முறைதான். "உங்க விதை சரியில்ல" என்று குழுவில் போடாமல், "பத்துக்கு மூணுதான் வந்தது, நீங்க எப்படிப் போட்டீங்க" என்று கேட்டுப் பாருங்கள். பாதி நேரம் நாம் ஆழமாகப் புதைத்ததுதான் காரணமாக இருக்கும்.

உடனே காசை நீட்டுவது

"எவ்வளவு ஆச்சு?" என்று பக்கத்து வீட்டாரிடம் கேட்காதீர்கள். அவர் கடை போடவில்லை.

குழுவுக்கு வெளியே இருப்பவர்கள்

இங்கே காசு கொடுக்க வேண்டும், தாராளமாகவே கொடுக்க வேண்டும். சாணம் தரும் மாட்டுக் கொட்டகைக்காரர், சருகை எரிக்காமல் மூட்டை கட்டி நமக்காக எடுத்து வைக்கும் பௌரகார்மிகர் (நகரத் துப்புரவுப் பணியாளர்), ஊருக்குப் போகும்போது தண்ணீர் ஊற்றும் காவலாளி. இவர்கள் வாட்ஸ்அப்பில் இல்லை. அதனால் நம் நன்றிப் பட்டியலிலும் இருப்பதில்லை.

2024 மார்ச்சில் பெங்களூரில் தண்ணீர் வற்றியது நினைவிருக்கும். குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. செடிகள் கருகத் தொடங்கியபோது, எங்கள் தெரு முனையில் ஒரு சின்ன மெஸ்ஸில் வேலை செய்யும் அம்மா அரிசி, காய் கழுவிய தண்ணீரைத் தினமும் நாலு பக்கெட் தனியாக எடுத்து வைத்தார். முறை போட்டுத் தூக்கி வந்தோம். மழை வந்ததும் குழுவில் ஒருவருக்கொருவர் பாராட்டிப் பக்கம் பக்கமாக எழுதினோம். ஒருவரும் அந்த அம்மாவிடம் போகவில்லை. அந்தப் பெருக்கும் பெண்தான் ஞாபகப்படுத்தினாள். நாலு கட்டு தண்டுக்கீரையும் ஒரு புடவையும் எடுத்துக்கொண்டு போனோம். புடவையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, மாடியைப் பார்க்கலாமா என்று கேட்டார். மேலே வந்து ஒவ்வொரு தொட்டியாகத் தொட்டுப் பார்த்தார். "நான் எடுத்து வெச்ச தண்ணியிலயா இது வளர்ந்துச்சு?" என்று இரண்டு முறை கேட்டார்.

அந்த அம்மாவை முதல் பக்கெட் அன்றே மேலே கூட்டி வந்திருக்க வேண்டும்.

வெறும் பாத்திரம்

திருப்பிக் கொடுக்காதீர்கள். ஒரு பிடி சர்க்கரையாவது, நாலு கறிவேப்பிலைக் கொத்தாவது.

விதை உறையில் பெயர் எழுதாமல் விடுவது

பெங்களூரில் 2011-இல் தொடங்கிய, மாடித்தோட்டக்காரர்களின் 'ஊட்டா ஃப்ரம் யுவர் தோட்டா' சந்தையில்தான் நான் முதல் விதைப் பொட்டலம் வாங்கினேன். அன்று ரகமும் விலையும் பார்த்தேன், அவ்வளவுதான். இன்று எங்கள் குழுவில் விதை கை மாறும்போது உறையில் நாலு விஷயம் எழுதுகிறோம். என்ன ரகம், எந்த மாதம் எடுத்தது, எப்போது போட வேண்டும், முதலில் யார் வீட்டிலிருந்து வந்தது. நாலாவதை மறக்கவே கூடாது. மூன்றாம் கையில் வாங்குபவரும் முதலில் கொடுத்தவரைத் தேடிப் போய்ச் சேதி சொல்ல முடியும். அப்புறம், ஒரு விதை வாங்கினால் இரண்டு செடியின் காயை முற்றவிட்டு விதைக்கு வைப்பதும் கட்டாயம். காய வைத்து, வேப்பிலைச் சருகு போட்டு, காற்றுப் புகாத டப்பாவில். ஒரே வீட்டை நம்பி ஒரு ரகத்தை விடுவதில்லை.

செங்கம், திருவண்ணாமலைப் பக்கம் யார் வீட்டு வேலியிலாவது, ஓரத்தில் ஊதா விளிம்பும் கறுப்பு விதையில் வெள்ளைக் கண்ணுமாக ஒரு தட்டை அவரை படர்ந்திருந்தால், இந்தத் தையில் பத்துக் காயை மட்டும் பறிக்காமல் விட்டு வையுங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். உறையில் எழுத அக்காவின் பெயர் என்னிடம் இருக்கிறது.