எடை கூடிய தம்பதிக்கு மெத்தை: ஒரே கட்டிலில் இரண்டாகப் போடும் முறை

கணவன் மனைவியில் ஒருவராவது 90 கிலோவைத் தாண்டியவர், ஒருவருக்குக் கெட்டி மெத்தை வேண்டும், மற்றவருக்கு மெத்துமெத்தென்று வேண்டும் என்றால், 78×72 அங்குலத்தில் ஒரே பெரிய மெத்தை வாங்காதீர்கள். 78×36-இல் இரண்டு வாங்கி ஒட்டிப் போடுங்கள். அவரவருக்குப் பிடித்தது அவரவர் பக்கம் கிடைக்கும். ஒரு பக்கம் குழி விழுந்தால் அதை மட்டும் மாற்றலாம். ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டி முதல் ஏர்வாடி வரை கடலோர வீடுகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு: இங்கே மெத்தை ஈரத்தை இழுக்கும், அடிக்கடி தூக்கி நிறுத்தி ஆறவிட வேண்டும். கிங் சைஸ் மெத்தையை அப்படித் தூக்க யாரும் மெனக்கெடுவதில்லை. பாதி மெத்தை என்றால் இரண்டு பேர் போதும்.

படி 1: முதலில் கட்டில்

மெத்தை குழி விழுந்துவிட்டது என்று நினைக்கும் பல வீடுகளில் குழிந்திருப்பது கட்டில்தான். இருவர் எடையும் சேர்ந்து 200 கிலோ வந்தால், தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை நடுவில் ஒரு சட்டம் ஓட வேண்டும். அந்தச் சட்டத்துக்குத் தரையைத் தொடும் கால் குறைந்தது ஒன்றாவது வேண்டும். இரண்டு மெத்தையும் சேரும் இடம் சரியாக இந்தச் சட்டத்தின் மேல்தான் வரும். சட்டம் இல்லாவிட்டால் இரண்டின் உள் ஓரமும் அமுங்கி, இருவரும் நடுவில் சரிவீர்கள்.

குறுக்குப் பலகைகளுக்கு இடையே 3 அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. பிளைவுட் போடுவதானால் 18 மில்லிமீட்டர் மரைன் பிளை வாங்கி, ஓர் அடிக்கு ஒன்றாக 1 அங்குலத் துளை போடச் சொல்லுங்கள். துளை இல்லாவிட்டால் மெத்தையின் அடியில் பூஞ்சணம் பிடிக்கும். சாதா கமர்ஷியல் பிளை ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஊதி, அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும். பனைநார்க் கட்டிலின் மேல் ஃபோம் மெத்தை வேண்டவே வேண்டாம். நார் தொய்கிற இடத்தில் மெத்தையும் தொய்யும்.

உள் அளவை மூன்று இடத்தில் டேப் வைத்து எடுங்கள். ஊர் ஆசாரி செய்த பழைய கட்டில்கள் 72 அல்லது 75 அங்குல நீளம்கூட இருக்கும்.

படி 2: இருவரும் படுத்துப் பாருங்கள்

கடையில் கையால் அமுக்கிப் பார்ப்பதில் பயன் இல்லை. இருவரும் ஒரே நேரத்தில், வீட்டில் தூங்குகிற வாக்கிலேயே, 15 நிமிடம் படுங்கள். மல்லாந்து படுப்பவரின் இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே உள்ளங்கையை நுழையுங்கள். கை தாராளமாகப் போய் வந்தால் அவருக்கு அது மிகக் கெட்டி. நுழையவே இடமில்லாமல் பிட்டம் உள்ளே போயிருந்தால் மிக மெது. லேசாக உரசிக்கொண்டு போனால் சரி. ஒருக்களித்துப் படுப்பவரை மற்றவர் பின்னாலிருந்து பார்க்க வேண்டும்: கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகுத்தண்டு நேர்கோடாகத் தெரிய வேண்டும்.

‘மீடியம்’ என்ற சீட்டை நம்பாதீர்கள். 60 கிலோக்காரருக்கு மீடியமாக இருப்பது 110 கிலோக்காரருக்கு மெதுவாகிவிடும்.

படி 3: உள்ளே என்ன இருக்கிறது

பணம் வீணாவது இங்கேதான். “நாற்பது டென்சிட்டி சார், நல்லா கெட்டியா இருக்கும்” என்பார்கள் கடைக்காரர்கள். டென்சிட்டி வேறு, கெட்டித்தன்மை வேறு. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் டென்சிட்டி. எத்தனை நாள் உழைக்கும் என்பதை அது காட்டும். 28 டென்சிட்டி ஃபோமையும் கெட்டியாகச் செய்ய முடியும். வாங்கிய புதிதில் சுகமாக இருக்கும், கனமான உடம்பின் கீழ் சீக்கிரம் தளர்ந்துவிடும். 90 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு ஹெச்.ஆர். ஃபோம் (அமுக்கி விட்டால் உடனே எழும்பும் ‘ஹை ரெசிலியன்ஸ்’ வகை) 40 டென்சிட்டிக்குக் குறையக் கூடாது.

சொன்னது உண்மையா என்று தராசில் பார்க்கலாம். நீளம், அகலம், உயரத்தை அங்குலத்தில் பெருக்கி 61,000-ஆல் வகுத்தால் கன மீட்டர் வரும். 78×36×6 ஃபோம் 0.276 கன மீட்டர். 40 டென்சிட்டி என்றால் 11 கிலோ இருக்க வேண்டும். 9 கிலோ காட்டினால் அது ஏறத்தாழ 33 தான். ஒரே வகை ஃபோமாக இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும், உறையைக் கழற்றிவிட்டு நிறுங்கள்.

ஸ்பிரிங் மெத்தையில், ஒன்றோடொன்று கம்பியால் பிணைத்த பானல் வகையில் ஒருவர் புரண்டால் மற்றவர் ஆடுவார். ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித் துணிப்பையில் இருக்கும் பாக்கெட் ஸ்பிரிங்கில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் போலக் கடலைப் பார்த்து ஜன்னல் உள்ள வீட்டில் இரண்டையும் நாங்கள் சொல்ல மாட்டோம். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தவைத்தது, கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் தூக்குப் பகுதியில் ஏறிய துரு. அதே உப்புக்காற்று துணி உறையைத் தாண்டி ஸ்பிரிங்குக்கும் போகும்.

உடம்பின் அச்சுக்கு அமுங்கும் மெமரி ஃபோம் வெக்கையில் இளகும், உடம்புச் சூட்டையும் பிடித்து வைக்கும். ஏ.சி. இல்லாத அறைக்கு ஒத்துவராது. இலவம்பஞ்சு குளுமைதான், ஆனால் கனமான இடுப்பின் கீழ் சீக்கிரம் கட்டி தட்டும், அடிக்கடி பஞ்சடித்துத் தைக்க வேண்டும். ரப்பரைஸ்டு கயிறு மெத்தை (ரப்பர் பாலில் பிணைத்த தேங்காய் நார்) காற்றோட்டமானது, மேலே 2 அங்குலம் லேடெக்ஸ் (ரப்பர் நுரை) இருந்தால் தோள் நோகாது.

நாங்கள் சொல்லும் அடுக்கு இது. கெட்டி கேட்பவருக்கு அடியில் 5 அங்குலம் ரீபாண்டட் (ஃபோம் துண்டுகளை ஒட்டி அழுத்தியது, 100 டென்சிட்டி), அதன் மேல் 2 அங்குலம் ஹெச்.ஆர். 40, மேலே 1 அங்குலம் லேடெக்ஸ். மெது கேட்பவர் கனமானவராக இருந்தால் ரீபாண்டட் 4, ஹெச்.ஆர். 2, லேடெக்ஸ் 2. மெலிந்தவராக இருந்தால் ரீபாண்டட் வேண்டாம், ஹெச்.ஆர். 6, லேடெக்ஸ் 2 போதும். எல்லாமே 8 அங்குலம், இரண்டு பக்கமும் மட்டமாக நிற்கும். மெது என்பது மேல் 2 அங்குலத்தில் மட்டும் இருக்கட்டும். அதற்குக் கீழேயும் மெதுவாக இருந்தால் கனமான உடம்பு வில்லாக வளையும். ரீபாண்டட் போட்ட பாதி ஏறத்தாழ 30 கிலோ வரும்.

உறை பருத்தி கலந்ததாகவும் ஜிப் வைத்ததாகவும் இருக்கட்டும், திறந்து அடுக்கைப் பார்க்கலாம். ஜிப் பிளாஸ்டிக்கா என்று பாருங்கள். உலோக ஜிப் உப்புக்காற்றில் இறுகிவிடும்.

படி 4: இரண்டையும் சேர்ப்பது

அடியில் வழுக்காத ரப்பர் வலை விரிப்பு போடுங்கள். இரண்டையும் சுற்றி ஒரு நைலான் பட்டையால் இறுக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எலாஸ்டிக் விரிப்பு, மேலே இரண்டையும் மூடி ஒரு ஜமக்காளம். நடுப்பிளவு தெரியாது.

கட்டில் 60 அங்குல அகலம்தான் என்றால் ஆளுக்கு 30 அங்குலம் பத்தாது. அப்போது கெட்டியான ஒரே மெத்தை வாங்கி, மெது கேட்பவர் பக்கம் மட்டும் 2 அங்குல லேடெக்ஸும், மற்ற பக்கம் அதே உயரத்துக்குக் கெட்டியான ஹெச்.ஆர். ஃபோமும் போடுங்கள்.

படி 5: பில் போடும் முன்

‘டூயல் கம்ஃபர்ட்’ என்று எழுதியிருந்தால் கேட்டுத் தெளியுங்கள். பெரும்பாலும் மேல்பக்கம் ஒரு மாதிரி, புரட்டினால் வேறு மாதிரி என்றுதான் அர்த்தம், இடம் வலம் அல்ல. உத்தரவாதச் சீட்டில் மூன்று விஷயம் பாருங்கள்: எத்தனை அங்குலக் குழிக்கு மாற்றித் தருவார்கள், ஆளுக்கு எடை வரம்பு உண்டா, கறை பட்டால் செல்லாதா.

படி 6: கடலோரப் பராமரிப்பு

முதல் ஆறு மாதம் மாதம் ஒருமுறை தலைமாடு கால்மாடு மாற்றிப் போடுங்கள், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அடுக்கு மெத்தையைப் புரட்டக் கூடாது.

பஞ்சு மெத்தையை வெயிலில் போடலாம். ரப்பர் சேர்ந்த கயிறு மெத்தையையும் லேடெக்ஸையும் ஃபோமையும் போடக் கூடாது. நேர் வெயிலில் லேடெக்ஸ் காய்ந்து உதிரும், ஃபோம் மஞ்சளாகி நொறுங்கும். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசும் நாளில் நிழலில் சுவரோரம் சாய்த்து நிறுத்தினால் போதும். மழை மாதங்களில் வாரம் ஒருமுறை அறைக்குள்ளேயே நிறுத்தி மின்விசிறியை ஓடவிடுங்கள். ரெக்ஸின் உறை போட்டால் வியர்வை உள்ளேயே நிற்கும்.

உறையை உப்புப்பட்ட போர்த் தண்ணீரில் துவைத்தால் கடைசி அலசலையாவது நல்ல தண்ணீரில் செய்யுங்கள். உப்பு தங்கிய துணி காய்ந்த மாதிரி தெரிந்தாலும் ராத்திரி பிசுபிசுக்கும்.

குழியை அளக்க, விரிப்பை எடுத்துவிட்டு, மெத்தையின் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்து, பள்ளமான இடத்தில் ஸ்கேலை நிறுத்துங்கள். நூலுக்கும் மெத்தைக்கும் இடையே ஓர் அங்குலத்தைத் தாண்டினால், ஸ்கேல் தெரியும்படி தேதியோடு படம் எடுத்து, பில்லோடு கடைக்குப் போங்கள்.