பழசாக்கப் போய்ப் பாழாக்காதீர்கள்: கடலோரத்தில் பழைய தாளும் கைநோட்டும்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கம் ஏதாவது ஒரு வீட்டில் நோட்டு ஒன்றை விரித்துப் பாருங்கள். டப்பாவை மூட மறந்த அப்பளம் மாதிரி தாள் நமுத்திருக்கும். புரட்டினால் சலசலப்பே இருக்காது. மழை மட்டும் இதற்குக் காரணமல்ல, உப்பும்தான். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். அடுப்பங்கரை உப்பு ஜாடியில் நடப்பதுதான், கடல்காற்று வருடம் முழுக்க உப்பைத் தூவிவிட்டுப் போன தாளிலும் நடக்கிறது.

கைநோட்டுக்காக, அதாவது பழைய தாள், ரசீது, டிக்கெட் எல்லாம் சேர்த்து ஒட்டித் தைத்துக் கையால் செய்யும் நோட்டுக்காக, தாளைப் பழசாக்குகிறவர்கள் இங்கே செய்யும் தவறுகளில் பாதிக்கு வேர் இதுதான். குளிர்ந்த, வறண்ட ஊர்க்காரர்கள் வீடியோவில் காட்டுவதை அப்படியே செய்கிறார்கள். அங்கே தாளுக்கு வயதைக் கூட்டப் பாடுபட வேண்டும். இங்கே காற்றே கூட்டிவிடும். நாம் கொடுக்க வேண்டியது நிறம் மட்டும். அந்த நிறத்தோடு உப்பு, சர்க்கரை, அமிலம், ஈரம் என்று வேண்டாத எதுவும் ஒட்டிக்கொண்டு போகக் கூடாது.

தண்ணீரிலேயே தொடங்கும் தவறு

கடலோரத்து நோட்டு கடல்நீரில் நனைந்தால்தான் அழகு என்று முக்கி எடுக்கிறவர்கள் உண்டு. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தாளுக்குள்ளேயே தங்கிவிடும். பிறகு ஒவ்வொரு மழைக்கும் அந்த நோட்டு வீங்கும், மை பரவும், ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்கும்.

அடுத்தது போர் தண்ணீர். கரையோரத்தில் பல போர்கள் உவர்ப்பு. சிலவற்றில் இரும்பும் கலந்திருக்கும். தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் கருநீலமாகிவிடும். அந்தக் காலத்தில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து எழுதுமை காய்ச்சினார்களே, அதே வேதியியல்தான். பழுப்பு நிறம் வேண்டும் என்று ஊறவைத்த தாள் சாம்பல் பூத்து வருவது இதனால்தான். ஒரு கண்ணாடி டம்ளரில் பால் சேர்க்காத டீ கால் பங்கு ஊற்றி, அதே அளவு போர் தண்ணீர் சேருங்கள். 10 நிமிடத்தில் கறுத்தால் அந்தத் தண்ணீர் ஆகாது. கேன் தண்ணீர் போதும். மழைநீர் இன்னும் நல்லது, மாடியில் படிந்த உப்பையும் தூசியையும் முதல் மழை கழுவிவிட்டுப் போன பிறகு பிடித்ததாக இருந்தால். இரும்பு வாணலியும் துருப்பிடித்த தகரத் தட்டும் போர் தண்ணீர் செய்யும் வேலையையே செய்யும். எவர்சில்வர் அல்லது பிளாஸ்டிக் தட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

டிகாக்‌ஷன், தாள், நேரம்

1 லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் டஸ்ட் டீ, அதாவது சுமார் 3 மேசைக்கரண்டி. தண்ணீர் கொதித்ததும் தூளைப் போட்டு இறக்கி, 10 நிமிடம் மூடி வைத்து, பழைய வேட்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள். துகள் தங்கிய இடமெல்லாம் கரும்புள்ளியாகும். விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே தாளை இட வேண்டும். 2 நிமிடத்தில் வெளிர் மஞ்சள், 5 நிமிடத்தில் பழுப்பு. 10 நிமிடத்துக்கு மேல் நிறம் பெரிதாக ஏறாது, தாள்தான் தளரும். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்ததும் ஒரு படி இறங்கும். இது தெரியாமல் ஈரத்தில் பார்த்துத் திருப்தியாகி எடுத்துவிட்டு, மறுநாள் வெளுத்துவிட்டதே என்று திரும்பவும் முக்குவார்கள். இரண்டாம் முக்கலில்தான் தாள் பெரும்பாலும் கிழிகிறது.

மிஞ்சிப்போன பால் டீயை ஊற்றுவதைப் போல ஒரு கெடுதல் இல்லை. பாலின் கொழுப்பு நாளடைவில் சிக்குவாடை அடிக்கும், சர்க்கரைக்கு எறும்பு வரும். சிக்கரி கலந்த பில்டர் காப்பியும் பிசுபிசுப்பைக் கொடுக்கும். காப்பி நிறம்தான் வேண்டும் என்றால் சிக்கரி கலக்காத உடனடிக் காப்பித் தூள், அரை லிட்டருக்கு 2 மேசைக்கரண்டி.

எந்தத் தாளை முக்குகிறோம் என்பதை யாரும் யோசிப்பதில்லை. செய்தித்தாள் மரத்தை அப்படியே அரைத்த கூழில் செய்தது. மரத்தின் நாரைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் அதில் தங்கியிருப்பதால் வெயிலிலும் காற்றிலும் தானே மஞ்சளாகிவிடும், நனைத்தால் கையோடு வரும். வழவழப்பான காலண்டர் தாள் நிறத்தைக் குடிக்காமல் திட்டுத்திட்டாக விட்டுவிடும். 75 அல்லது 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) நகல் தாள் நன்றாகத் தாங்கும். 100 ஜிஎஸ்எம் பாண்டு தாளும் பருத்திக் கூழில் செய்த கைவினைத் தாளும் அதைவிட நன்று. பேருந்தில் மெஷினில் அடித்துத் தரும் டிக்கெட், ஏடிஎம் சீட்டு இவை வெப்பத்தில் கறுக்கும் தாள்கள். டீயும் வேண்டாம், இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம். வைத்திருந்தாலும் சில வருடத்தில் எழுத்து மங்கிவிடும் என்பதால் நகல் எடுத்து நகலை ஒட்டுவதே வழி.

அச்சடித்த தாளை முக்குவதானால் லேசர் அச்சு கரையாது, இங்க்ஜெட் அச்சு பெரும்பாலும் கரைந்தோடும். பால்பாயின்ட் தாக்குப்பிடிக்கும், ஊற்றுப்பேனா மை நிற்காது. லேசர் அச்சு உருகிய பிளாஸ்டிக் பொடிதான். இஸ்திரி போடும்போது மேலே துணி விரிக்காவிட்டால் எழுத்து பெட்டியோடு போய்விடும்.

தேயிலை லேசான அமிலம். எழுதிப் பல வருடம் வைத்திருக்கும் நோட்டு என்றால் கடைசியாக ஒரு சுண்ணாம்புத் தெளிநீர் அலசல் கொடுக்கலாம். வெற்றிலைச் சுண்ணாம்பு அரைத் தேக்கரண்டியை 1 லிட்டர் தண்ணீரில் கலக்கி, ஓர் இரவு மூடித் தெளியவைத்து, மேல்நீரை மட்டும் இறுத்து, அதே அளவு தண்ணீர் சேர்த்து, தாளை 5 நிமிடம் இடுங்கள். நிறம் கொஞ்சம் கறுத்துச் சிவப்போடும். முதலில் ஒரு துண்டில் பார்த்துக்கொள்ளுங்கள். உண்மையான பழைய தாள்களில் இதைச் செய்யக் கூடாது.

கொடியும் கிளிப்பும் தீயும்

ஈரத்தாளை மூலையைப் பிடித்துத் தூக்கினால் மூலைதான் கையில் மிஞ்சும். தட்டில் முதலிலேயே நைலான் கொசுவலைத் துண்டை விரித்து, அதன் மேல் தாளை வைத்து, வலையோடு தூக்க வேண்டும். கம்பிக் கொடியிலோ இரும்பு கிளிப்பிலோ மாட்டினால் துருவும் துவர்ப்பும் சேர்ந்து கிளிப் அளவுக்குக் கறுப்பு முத்திரை விழும். கச்சான் என்னும் மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மாடியில் காயப்போட்டால் மணலும் உப்பும் இலவசம். வீட்டுக்குள், நிழலில், பருத்தித் துணி மேல் ஒற்றை ஒற்றையாகப் பரப்பி, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள்.

காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்த்தால் தெரியாது. தாளைக் கன்னத்தில் வையுங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அந்த நிலையில் அடுக்கித் தைத்துவிட்டால் இரண்டு மூன்று நாளிலேயே பூஞ்சை பிடிக்கக்கூடும், நடுத்தாளில் தொடங்குவதால் கண்ணுக்கும் படாது. ஐப்பசி முதல் மார்கழி வரை சாயம் போடும் வேலையையே வைத்துக்கொள்ளாதீர்கள். மாசி, பங்குனி தோது.

மைக்ரோவேவ் மாதிரியான ஓவன் அடுப்பு இல்லாத வீட்டில் தோசைக்கல்லில் போட்டு எடுக்கிறார்கள். கல்லின் சூடு ஒரே சீராக இருக்காது, தாள் 230 டிகிரிவாக்கில் தானே தீப்பிடிக்கும், போதாக்குறைக்கு எண்ணெய்க் கறை. காட்டன் சூட்டில், நீராவி இல்லாமல், துணி விரித்து இஸ்திரி போட்டாலே போதும். ஓரத்தை மெழுகுவர்த்தியில் கருக்குவது அதைவிட மோசம். கருகிய ஓரம் நாள்பட உதிர்ந்து பக்கமெல்லாம் கரி பூசும். ஓலைக் கொட்டகைக்குப் பக்கத்தில் கடல்காற்றில் நெருப்போடு விளையாடுவதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. ஸ்கேலை வைத்து, ஓரத்தில் ஈரத் தூரிகையால் ஒரு கோடு இழுத்து, கோட்டோடு கிழியுங்கள். 100 மில்லியில் 10 கிராம் தூள் போட்டுக் காய்ச்சிய கெட்டி டிகாக்‌ஷனை அந்த ஓரத்தில் மட்டும் தொட்டுவிடுங்கள். வேண்டிய பழமை வந்துவிடும்.

காயலான் கடையிலிருந்து வீட்டுக்கு

ராமநாதபுரம், பரமக்குடி பழைய பேப்பர் கடைகளில் எடைக்கு வரும் கணக்கு நோட்டும் ரசீதுக் கட்டும் கைநோட்டுக்காரருக்குப் புதையல்தான். அதை நேரே அலமாரிக்குக் கொண்டுபோவதுதான் தவறு. ராமேசுவரம் தீவிலும் சுற்றுவட்டாரத்திலும் ராமபாணப் பூச்சிக்குப் பஞ்சமில்லை, கரையானுக்கும் இல்லை. கட்டை ஜிப் பையில் காற்றை வெளியேற்றி மூடி, ஃப்ரீசரில் 2 வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறந்துவிடாதீர்கள். ஒரு நாள் வெளியே வைத்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால்தான் தாளில் வியர்க்காது.

கருவாட்டுக் கடை நோட்டு மணக்கத்தான் செய்யும். அத்தரோ ஊதுபத்தியோ போட்டால் இரண்டு நாற்றம் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று பிறக்கும். மூடிய டப்பாவில் அடியில் அடுப்புக்கரியோ சமையல் சோடாவோ ஒரு கிண்ணம் வைத்து, தாளை விசிறிபோல விரித்து 10 நாள் விட்டால் பெரும்பகுதி போய்விடும். முண்டு மிளகாய்க் கிட்டங்கியிலிருந்து வந்த தாளைத் தட்டும்போது முகக்கவசம் கட்டாயம். அந்தக் காரத்தை ஒருமுறை கண்ணில் வாங்கியவர்கள் மறக்க மாட்டார்கள்.

வெட்டக் கூடாதவை சில உண்டு. மூலப் பத்திரம், பட்டா, பாஸ்புக் போன்றவற்றை ஸ்கேன் செய்து, பெயரையும் எண்ணையும் மறைத்து, நகலைத்தான் பயன்படுத்த வேண்டும். பனங்காட்டு ஊர் என்பதால் ஓலைச்சுவடி கையில் வர வாய்ப்புண்டு. கீழக்கரைப் பக்கம் அரபுத்தமிழ் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) அச்சு நூல்கள் கிடைக்கும். அலங்காரத்துக்காக இவற்றின் ஏடுகளைப் பிரிப்பது அநியாயம். சுவடி என்றால் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம். பழைய அச்சு என்றால் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அங்கே கேட்டுவிட்டு மேற்கொண்டு செய்யுங்கள். 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள ஆவணம் 75 ஆண்டு கடந்திருந்தால் அது தொல்பொருள். அதை நோட்டில் ஒட்டி வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பத் தனியாருக்கு உரிமை கிடையாது.

வயதைக் கணக்கிடுவதில் ஏமாறுவது

பழுப்பைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள், எழுத்தைப் படியுங்கள். தசம நாணயம் 1957 ஏப்ரல் 1 இல் வந்தது. 1950 என்று தேதி போட்டு ‘நயா பைசா’ கணக்கெழுதிய பில் பொய். பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தியது. ஆங்கில அரசுத் தாளில் மாநிலப் பெயர் ‘தமிழ்நாடு’ என்று இருந்தால் 1969க்குப் பிந்தியது. தனுஷ்கோடி ரயில் டிக்கெட்டில் 1965 தேதி இருக்க வழியில்லை, 1964 டிசம்பர் 22 இரவுப் புயலோடு அந்தப் பாதை போயிற்று. மாறாக, ‘சிவகாசி, ராமநாதபுரம் ஜில்லா’ என்ற ரசீதைப் பார்த்துப் போலி என்று ஒதுக்குகிறார்கள். 1985 இல் மாவட்டம் பிரியும்வரை அது சரியான முகவரிதான்.

யானைத் துதிக்கைபோல் வளைந்த கொம்பு வைத்த பழைய வடிவ ‘லை’, ‘னை’ இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. பழைய ஈய எழுத்தை வைத்துச் சில அச்சகங்கள் பிறகும் ஓட்டின. புதிய ‘லை’ இருந்தால் பிந்தியது என்பதும் முழு உண்மையல்ல, பெரியாரின் ஏடுகள் 1935 முதலே சீர்திருத்த எழுத்தில் வந்தன. இரண்டு மூன்று அடையாளம் சேர்ந்தால் மட்டும் நம்புங்கள். ரூபாய் நோட்டு கள்ளநோட்டா என்று பார்க்கும் புற ஊதா விளக்கில் தாள் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் வெண்மையூட்டி சேர்த்த தாள், பெரும்பாலும் 1950களுக்கு இப்பால் வந்தது. நீங்கள் சாயம் போட்ட தாளின் பின்பக்க மூலையில் பென்சிலால் வருடம் எழுதிவையுங்கள். நாளை அது வேறு கைக்குப் போய், யாரோ அதை அசல் என்று வாங்காமல் இருக்க.

ஒட்டுவது, தைப்பது, வைப்பது

ஸ்டேப்ளர் பின் ஒரே மழைக்காலத்தில் துருவாகிவிடும். பழைய கட்டுகளில் இருக்கும் பின், குண்டூசி எல்லாவற்றையும் முதல் நாளே கழற்றுங்கள். இங்கே மலிவாகக் கிடைக்கிறதே என்று வலை நைலான் நூலில் தைக்கிறார்கள். அது அறாது, ஆனால் மடிப்பை அறுத்துவிடும். மெழுகு தேய்த்த பருத்தி நூல் போதும். செலோடேப் ஒட்டினால் சில வருடத்தில் பசை மஞ்சளாகக் கசிந்து தாளின் மறுபக்கம் வந்துவிடும். மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்கப் பைண்டர்கள் மயில்துத்தம் போடுவார்கள். அது நஞ்சு, அதிலுள்ள செம்பு தாளையும் நாளடைவில் நொறுங்கவைக்கும். பசையை இரண்டு நாளுக்கு வேண்டிய அளவு மட்டும் காய்ச்சி, மெல்லியதாகத் தடவி, அலமாரியில் துணியில் முடிந்த வசம்பு வைப்பது மேல்.

நோட்டை பாலிதீன் கவரில் இறுக்கி மூடினால் உள்ளே இருந்த ஈரம் உள்ளேயே வேகும். மூடுவதற்கு முன் தாள் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், கூடவே சிலிகா ஜெல் வேண்டும். அதற்குப் பதிலாக அரிசி போடுகிறவர்களுக்கு வண்டுதான் மிச்சம். 20 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டிக்கு 200 கிராம் ஜெல், வெளிச்சுவரிலிருந்து கையகலம் தள்ளி, தரையிலிருந்து அரையடி மேலே. உள்ளே ஒரு சிறிய ஈரமானி. முள் 50ஐ ஒட்டி நிற்கட்டும், 65ஐத் தாண்டினால் திறந்து பாருங்கள். ஆரஞ்சு ஜெல் பச்சையானாலோ நீல ஜெல் இளஞ்சிவப்பானாலோ அது குடிக்க வேண்டியதைக் குடித்துவிட்டது. நீலத்தில் கோபால்ட் உப்பு இருப்பதால் ஆரஞ்சு வாங்குவது நல்லது. சமைக்காத பழைய சட்டியில் சிறு தீயில் நிறம் திரும்பும்வரை வறுத்து, ஆறவிட்டு, திரும்பவும் பெட்டியில் போடுங்கள்.