மேட்டுப்பாளையத்தில் வியர்வை, ஊட்டியில் நடுக்கம்: சைக்கிளில் மலையேற என்ன உடுத்துவது?

சமவெளியில் மட்டும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு உடை ஒரு பிரச்சினையே அல்ல. மலைப்பாதைக்கு வந்தால்தான் சிக்கல். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியோ சுமார் 2,240 மீட்டர். குன்னூர் வழியாகப் போனால் இடையில் இருப்பது 50 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6 டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. கீழே 30 டிகிரி என்றால் மேலே 18 அல்லது 19. மேகம் சூழ்ந்தாலும் பொழுது சாய்ந்தாலும் அதற்கும் கீழே போகும்.

சைக்கிள், ஹெல்மெட், பிரேக் எல்லாம் சரியாக இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு நேரே உடைக்கு வருகிறேன்.

1. உச்சியின் வானிலையைப் பாருங்கள்

கிளம்பும் ஊரின் வெப்பநிலையை மட்டும் பார்த்து உடுத்தக் கூடாது. நீங்கள் இறங்கத் தொடங்கும் நேரத்தில் உச்சியில் எத்தனை டிகிரி இருக்கும் என்பதுதான் முக்கியம். ஜனவரியில் ஊட்டியை ஒட்டிய தலைகுந்தா, காந்தல் பக்கம் விடியற்காலையில் புல்வெளியில் உறைபனி படர்ந்திருக்கும். அக்டோபர், நவம்பர் என்றால் மழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

2. உடம்பை ஒட்டிய துணி

பருத்தி பனியன் வேண்டாம். வீட்டில் அதற்கு நிகரில்லை; மலையேற்றத்துக்கு ஆகாது. பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு விடாமல் வைத்திருக்கும். ஏறும் வழியில் பர்லியார் தாண்டும்போது இதமாக இருக்கும் அதே ஈரம், இறங்கும்போது உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். மெல்லிய பாலியெஸ்டர் விளையாட்டு டி-ஷர்ட் போதும். விலை உயர்ந்த ஜெர்சி கட்டாயமில்லை. டிசம்பர், ஜனவரிக்கு என் தேர்வு மெல்லிய மெரினோ கம்பளி. நனைந்தாலும் ஓரளவு கதகதப்பு தரும், வாடையும் குறைவு.

மெத்தை வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் அணிந்தால் உள்ளே ஜட்டி போடாதீர்கள். அதன் தையல்தான் தொடையை அறுக்கும்.

3. கிளம்பும்போது லேசாகக் குளிரட்டும்

நிற்கும்போது இதமாக இருந்தால், மிதிக்கத் தொடங்கிய பத்தாவது நிமிடம் புழுங்கும். என் கணக்கு இது: 25 டிகிரிக்கு மேல் அரைக்கை ஜெர்சி, வெயிலுக்குக் கையை மணிக்கட்டு வரை மூடும் வெள்ளை ஸ்லீவ். 18 முதல் 25 வரை அதேதான், பையில் காற்றைத் தடுக்கும் மெல்லிய மேல்சட்டையான விண்ட்சீட்டர் ஒன்று. 12 முதல் 18 வரை முழுக்கை, முழங்காலை மூடும் உடை. முழங்கால் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அங்கே தசை குறைவு, மூட்டு எளிதில் இறுகிவிடும். 12க்குக் கீழே முழுவிரல் கையுறை, காதை மூடும் மெல்லிய குல்லா. 5க்குக் கீழே உள்ளே தெர்மல்.

சென்னை, கடலூர் போன்ற கடலோர ஊர்களில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. காற்றின் ஈரப்பதத்தில் வியர்வை காயாது. அங்கே உடம்பை இறுக்காத உடைதான் நல்லது.

4. இறக்கம்: எல்லாமே இங்கேதான்

ஏற்றம் தானே உடம்பைச் சூடாக்கிவிடும். இறக்கத்தில் மிதிப்பதே இல்லை, வியர்வையில் நனைந்திருக்கிறோம், காற்று முகத்தில் அறைகிறது. 10 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் தோலுக்கு அது 6 டிகிரி போல இருக்கும். 5 டிகிரியாக இருந்தால் பூஜ்ஜியத்துக்கும் சற்றுக் கீழே.

எனக்கு நீண்ட நாள் பிடிபடாமல் இருந்தது விரல் விஷயம். நெஞ்சு கதகதப்பாக இருந்தால் போதும் என்று தோன்றும். ஆனால் இறக்கம் முழுவதும் வேலை செய்வது விரல்கள்தான். அரைவிரல் கையுறையில் விரல் நுனிகள் பிரேக் பிடியில் காற்றைப் பார்த்து நிற்கின்றன. ஊட்டியிலிருந்து இறங்கிக் குன்னூருக்கு முன்னால் அருவங்காடு வருவதற்குள் நுனிகள் வெளிறி, பிடியை அழுத்துகிறோமா இல்லையா என்றே தெரியாமல் போகும். வளைவுக்கு வளைவு பஸ்ஸும் லாரியும் வரும் சாலையில் இது உயிர் சம்பந்தப்பட்டது. அவ்வப்போது ஓரமாக நிறுத்தி, கட்டைவிரலால் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியவில்லை என்றால் அக்குளில் கையை வைத்துச் சூடேற்றிய பிறகே மறுபடி ஏற வேண்டும்.

உச்சியை அடைந்தவுடன், டீ சொல்வதற்கும் முன்பாக, ஈர டி-ஷர்ட்டைக் கழற்றிவிட்டு உலர்ந்ததை மாட்டுங்கள். அதன் மேல் விண்ட்சீட்டர், முழுவிரல் கையுறை. டீ குடித்து முடித்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றால், அதற்குள் உடம்பு ஆறிவிடும். ஆறிய உடம்பைச் சட்டை சூடாக்காது; இருக்கும் சூட்டைத்தான் காக்கும்.

விண்ட்சீட்டர் இல்லையா? கடையில் பழைய செய்தித்தாள் கேட்டு வாங்கி, நான்காக மடித்து ஜெர்சிக்குள் நெஞ்சோடு செருகுங்கள். டூர் டி பிரான்ஸ் வீரர்கள் ஆல்ப்ஸ் உச்சிகளில் காலங்காலமாகச் செய்துவந்தது இதுதான்.

பின்சேர்க்கை

மழைக்கோட்டையே விண்ட்சீட்டராகப் போடலாமா என்று பலர் கேட்டிருந்தார்கள். இறக்கத்துக்கு மட்டும் போடலாம். ஏற்றத்தில் போட்டால் வியர்வை வெளியேற வழியில்லாமல் உள்ளேயே மழை பெய்தது போல நனைந்துவிடுவீர்கள்.

சுடிதாரில் ஓட்டுவது பற்றியும் ஒரு கேள்வி வந்தது. குட்டையான குர்தா, லெக்கிங்ஸ் என்றால் தாராளமாக ஓட்டலாம். துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், சக்கரத்தில் சிக்கும். தளர்ந்த பேன்ட் என்றால் செயின் பக்கக் கணுக்காலில் ஒரு பட்டை கட்டிக்கொள்ளுங்கள்.

கால்விரல் விறைக்கிறது என்று எழுதியவர்களுக்கு: காலுறைக்கும் ஷூவுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றை மாட்டிப் பாருங்கள். இறங்கும்போது மட்டும்தான், கோத்தகிரி வழியாக இறங்கினால் குஞ்சப்பனை அருகில் சூடு திரும்பிவிடும், அங்கேயே கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், சாலையோரம் போடாதீர்கள்.