டென்னிஸ் மட்டைக்குப் பாலி நரம்பு: எதை வாங்குவது, எவ்வளவு இறுக்குவது, எப்போது மாற்றுவது

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ பேட்மிண்டன் மட்டைக்குக் கட்டிங் போட, அதாவது நரம்பு கட்ட, அதிகம் அலைய வேண்டியதில்லை. டென்னிஸ் மட்டை என்றால் மதுரைக்கோ திருச்சிக்கோ கொடுத்தனுப்புவதுதான் வழக்கம். எந்தப் பக்கம் போனாலும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அதனாலேயே, அறுந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். நைலான் நரம்பில் இந்தப் பழக்கத்தால் பெரிய கேடு இல்லை, பாலியஸ்டரில் உண்டு. பாலி அறுவதற்கு வெகு முன்பே துள்ளல் போய்ச் செத்துவிடும். மட்டையைப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். முழங்கை வலித்த பிறகுதான் விஷயம் புரியும். எதை வாங்கலாம் என்று யோசிக்கும்போதே இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. பாலி உங்களுக்குத் தேவையா?

மல்டிஃபிலமென்ட் என்பது நூற்றுக்கணக்கான நுண்ணிழைகளைச் சேர்த்துச் செய்த நரம்பு. அது மெத்தென்று இருக்கும். பாலியோ ஒற்றை இழை. கெட்டியானது, வழுவழுப்பானது, பந்தைத் தானாகத் தூக்கி எறியாது. நீங்கள் முழுவேகத்தில் மட்டையை வீசினால்தான் அது வேலை செய்யும்.

1997-ல் குஸ்தாவோ கூர்த்தன் லக்ஸிலான் பாலியோடு பிரெஞ்சு ஓப்பனை வென்றதிலிருந்து தொழில்முறை ஆட்டக்காரர்களிடம் இந்த நரம்பு பரவியது. ஆனால் அவர்கள் ஒவ்வொரு மேட்சுக்கும் புதிதாகக் கட்டிய மட்டைகளோடு இறங்குகிறார்கள். நாம் அப்படிச் செய்வதில்லை.

டாப்ஸ்பின் (பந்து முன்னோக்கிச் சுழலும்படி அடிப்பது) போட்டு முழு வீச்சில் அடிக்கிறீர்கள், நைலான் மாதம் ஒருமுறை அறுகிறது, கையில் வலி எதுவும் இல்லை என்றால் பாலிக்கு வாருங்கள். இப்போதுதான் ஆடக் கற்றுக்கொள்கிறீர்கள் என்றால் சிந்தெடிக் கட் (சாதாரண நைலான் நரம்பு) அல்லது மல்டிஃபிலமென்ட் போதும். வளரும் பிள்ளைகளின் மட்டையில் முழுப் பாலி கட்டவே வேண்டாம். அகாடமியில் பெரிய பையன்கள் கட்டியிருக்கிறார்கள் என்று பத்து வயதுப் பிள்ளைக்கும் அதையே கட்டிக்கொடுப்பது அந்தச் சின்னக் கையைக் கெடுக்கும்.

2. சுழற்சி எங்கிருந்து வருகிறது

இது புரிந்துவிட்டால் மற்ற முடிவுகள் எளிது. காரைக்குடிக் கண்டாங்கி நெய்யும் தறியை நினைத்துக்கொள்ளுங்கள். மட்டையில் நெடுக்காக ஓடும் மெயின் நரம்புகள்தான் பாவு, குறுக்கே கோத்து வாங்கும் கிராஸ் நரம்புகள் ஊடை. சேலையில் பாவு நகர்ந்தால் துணி கெட்டது. மட்டையில் பாவு நகர்ந்தால்தான் ஸ்பின். கீழிருந்து மேலாக வீசும்போது பந்து மெயின் நரம்புகளைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அவை வழுக்கிப் போய், பந்து விலகுவதற்குள் விருட்டென்று பழைய இடத்துக்குத் திரும்புகின்றன. அந்தத் திரும்பல்தான் பந்தை உருட்டிவிடுகிறது. பாலி வழுவழுப்பாக இருப்பதால் இது நன்றாக நடக்கிறது.

அதனால் மேல்பரப்பு சொரசொரப்பாக இருந்தால்தான் சுழலும் என்று நம்பி வாங்க வேண்டாம். எட்டுப் பட்டை வெட்டிய பாபோலா ஆர்பிஎம் பிளாஸ்ட், கூர்விளிம்பு கொண்ட சொலின்கோ டூர் பைட் போன்றவை பந்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பற்றும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் வீச்சே தட்டையாக இருந்தால் எந்தப் பட்டையும் ஸ்பின் தராது.

3. கெட்டித்தன்மை, தடிமன்

முதல் பாலி மென்மையானதாக இருக்கட்டும். உருண்டை வடிவ யோனெக்ஸ் பாலி டூர் புரோ, ஹெட் லிங்க்ஸ் இரண்டும் நல்ல தொடக்கம். லக்ஸிலான் 4ஜி, டூர் பைட் இரண்டும் விறைப்பானவை. கட்டுப்பாடு அருமையாக இருக்கும், அதிர்வு நேராகக் கைக்கு வரும். அவற்றை ஒரு வருடம் கழித்து யோசிக்கலாம்.

தடிமனுக்கு 1.25 மில்லிமீட்டர் போதும். 1.30 கொஞ்சம் கூடுதல் நாள் அறாமல் தாங்கும், ஆனால் விறைப்பு கூடும். 1.20-க்கும் கீழே போனால் உணர்வு நன்றாக இருக்கும், சீக்கிரம் அறும். நம் பக்கத்துச் செம்மண் தளங்களில் மணல்துகள் நரம்புகளுக்கு நடுவே புகுந்து அரம்போல் அராவும் என்பதால் மெல்லிய நரம்பு இன்னும் சீக்கிரம் போகும்.

ஒரு செட் 12 மீட்டர். ஒரு மட்டைக்குச் சரியாக இருக்கும். 200 மீட்டர் ரீல் வாங்கினால் 16 மட்டைக்கு வரும். நாலைந்து பேர் சேர்ந்து ரீல் வாங்கிப் பகிர்ந்துகொண்டால் செலவு குறையும். ஆனால் அந்த நரம்பு எல்லாருக்கும் ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் ஒவ்வொரு செட் கட்டி ஆடிப் பார்த்துவிடுங்கள்.

4. இறுக்கம்

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். நைலானில் 55 பவுண்டு கட்டியிருந்தால் பாலியிலும் 55 என்று சொல்லிவிடுகிறார்கள். கைக்குப் பலகையால் அடிப்பதுபோல் இருக்கும், பந்து வலையிலேயே விழும். பாலிக்கு நைலானைவிட 10 சதவீதம் குறைக்க வேண்டும். 55 இருந்த இடத்தில் 49 அல்லது 50.

100 சதுர அங்குலத் தலை, 16-க்கு 19 (16 மெயின், 19 கிராஸ்) நரம்பு அமைப்புள்ள சாதாரண மட்டைக்கு 48 பவுண்டில் தொடங்குங்கள். 18-க்கு 20 என்றால் நரம்புகள் நெருக்கமாக இருக்கும், ஆகவே 46. மட்டையின் கழுத்தில் 50–60 என்று அச்சிட்டிருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், இரண்டு மூன்று பவுண்டு கீழே போவதால் ஃபிரேமுக்கு ஒன்றும் ஆகாது. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் பறந்தால் அடுத்த முறை 2 பவுண்டு கூட்டுங்கள். ஆழம் கிடைக்காமல் பாதியிலேயே விழுந்தால், அல்லது கை அதிர்ந்தால், 2 குறையுங்கள். ஒரே நேரத்தில் நரம்பையும் இறுக்கத்தையும் மாற்றினால் எதனால் எது நடந்தது என்று தெரியாமல் போகும்.

பேட்மிண்டனில் 24 என்றால் 24 பவுண்டு. டென்னிஸில் சில மெஷின்கள் கிலோவில் காட்டும். அங்கே 24 என்றால் கிட்டத்தட்ட 53 பவுண்டு. பேட்மிண்டன் மட்டும் கட்டிப் பழகியவரிடம் வெறுமனே 24 என்று சொன்னால் மட்டை தூளிபோல் திரும்பி வரும். எண்ணோடு பவுண்டா கிலோவா என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒரு கிலோ 2.2 பவுண்டு.

5. கைக்கு இதம் வேண்டுமென்றால் ஹைப்ரிட்

மெயினில் பாலி, கிராஸில் மல்டிஃபிலமென்ட். பாலி 47, மல்டி 49 என்று மென்மையானதை 2 பவுண்டு கூட்டிக் கட்டலாம். ஸ்பினும் கட்டுப்பாடும் பெருமளவு கிடைக்கும், முழங்கைக்குப் பாரம் குறையும். ரோஜர் ஃபெடரர் இதைத் திருப்பிப் போட்டு, மெயினில் நேச்சுரல் கட் என்ற குடல் நரம்பும் கிராஸில் லக்ஸிலான் பாலியும் கட்டினார். அது இன்னும் மென்மை, செலவும் அதிகம். முதன்முதலாகப் பாலிக்கு வருகிறவர்களுக்கு முழுப் பாலியைவிட இந்தக் கலவையைத்தான் நாங்கள் சொல்வோம்.

6. கட்டுபவரிடம் எழுதிக்கொடுக்க வேண்டியது

மட்டையைப் பஸ்ஸில் யாரிடமாவது கொடுத்தனுப்புவதாக இருந்தால் வாய்வார்த்தை போதாது. மெயினுக்கு எந்த நரம்பு, எத்தனை பவுண்டு, கிராஸுக்கு எது, எத்தனை, தடிமன் எவ்வளவு. இவற்றை ஒரு சீட்டில் எழுதி மட்டையில் ஒட்டிவிடுங்கள். பாலியை முன்கூட்டி இழுத்துத் தளர்த்த வேண்டாம் என்பதையும் எழுதுங்கள். முடிந்தவரை ஒரே ஆளிடம், ஒரே மெஷினில் கட்டுங்கள். கைப்பிடி சுற்றி இழுக்கும் மெஷின் இறுக்கம் எட்டியதும் பூட்டிக்கொள்ளும், மின்மெஷின் விடாமல் இழுத்துப் பிடிக்கும். அதனால் ஒரே 48 இரண்டிலும் ஒரே மாதிரி இருக்காது. மின்மெஷினில் கட்டியது கூடுதல் இறுக்கமாக வரும்.

7. எப்போது வெட்டுவது

பாலி கட்டிய முதல் நாளே இறுக்கத்தில் ஒரு பகுதியை இழக்கும். பிறகும் ஆடினாலும் ஆடாவிட்டாலும் மெதுவாகத் தளரும். 12 முதல் 15 மணி நேர ஆட்டம் ஒரு நல்ல கணக்கு. வாரம் மூன்று நாள் ஒவ்வொரு மணி நேரம் ஆடினால் மாதம் ஒன்று. கட்டிய தேதியை ஒரு சின்ன டேப்பில் எழுதிக் கழுத்தின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள்.

விரலால் நடு மெயின் நரம்பைப் பக்கவாட்டில் தள்ளி விடுங்கள். டப்பென்று திரும்பினால் உயிர் இருக்கிறது. தள்ளிய இடத்திலேயே நின்றால், ஒவ்வொரு புள்ளிக்குப் பிறகும் கையால் நேராக்க வேண்டியிருந்தால், ஸ்பின் போய்விட்டது. கிராஸ் உரசிய இடத்தில் மெயினில் பள்ளம் விழுந்து சிக்கிக்கொள்வதுதான் காரணம். பந்து திடீரென்று நீளமாகப் போவதும் இதே அறிகுறி. வீச்சைக் குறைத்துச் சமாளிக்காமல் நரம்பை மாற்றுங்கள்.

வெயில் பாலியின் எதிரி. சித்திரை வெயிலில் காருக்குள் விட்ட மட்டை ஒரே மதியத்தில் தளர்ந்துவிடும். கனத்த சுவர் உள்ள பழைய வீடென்றால் உள்கட்டு அறையில் ஆணியில் மாட்டுங்கள். முற்றத்திலோ மொட்டைமாடியிலோ வேண்டாம்.

ஆட்டத்தின் நடுவே ஒரு நரம்பு அறுந்தால் மற்றவற்றை அப்படியே விட்டு வீட்டுக்கு எடுத்துவராதீர்கள். ஒரு பக்கம் மட்டும் இறுக்கம் நின்றால் ஃபிரேம் கோணும். நடுவிலிருந்து ஆரம்பித்து, மெயினும் கிராஸுமாக மாற்றி மாற்றி, வெளிப்பக்கம் நோக்கி எல்லாவற்றையும் அங்கேயே வெட்டிவிடுங்கள்.

மாதம் ஒருமுறை மதுரைக்கு அனுப்ப முடியாது என்றால் ஹைப்ரிட்கூட வேண்டாம், முழு மல்டிஃபிலமென்ட் கட்டுங்கள். முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கத் தொடங்கியிருந்தால், அடுத்த தேதிக்குக் காத்திராமல் இன்றே பாலியை வெட்டிவிடுங்கள்.