வெட்டி முத்திரை குத்திய தீவுக் காசைச் சோதிப்பது எப்படி?

சில்லறைத் தட்டுப்பாட்டைத் தீர்க்க, கரீபியன் போன்ற குடியேற்றத் தீவுகளில் ஸ்பானிய எட்டு ரியால் வெள்ளிக் காசைத் துண்டாக்கினார்கள், துளைத்தார்கள், மேலே முத்திரை குத்தினார்கள். ஆகவே கையிலிருக்கும் காசில் தாய்க் காசு (அடியிலுள்ள ஸ்பானியக் காசு), வெட்டு, முத்திரை என மூன்று வேலைகள் இருக்கின்றன. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

முதலில் எடை. முழு எட்டு ரியால் சுமார் 27 கிராம், பாதி 13.5, கால் 6.75. தேய்மானத்தால் சற்றுக் குறையலாம், கூடக் கூடாது. ஆனால் கால் துண்டு 5.4 கிராம் அளவில் இருந்தால் உடனே போலி என ஒதுக்காதீர்கள்; கரீபியக் கடலிலுள்ள குராசோ தீவில் காசை ஐந்தாகவும் வெட்டினார்கள். அடுத்து அடர்த்தி: காற்றில் எடுத்த எடையை, நூலில் கட்டி நீரில் மூழ்கவிடும்போது குறையும் எடையால் வகுங்கள். 10.3 அருகே வர வேண்டும். ஒட்டிய காற்றுக்குமிழி கணக்கைக் குறைத்துக் காட்டும், தட்டிவிடுங்கள்.

பிறகு பத்து மடங்கு லென்ஸ். அடித்த முத்திரை வெள்ளியை ஓரத்துக்குத் தள்ளியிருக்கும். மறுபக்கத்தில் அதே இடம் நசுங்கித் தட்டையாகியிருக்கும். வார்த்த போலியில் இந்த நசுக்கல் மழுங்கி, நுண்குழிகளோடு தெரியும். தேய்மானத்தையும் ஒப்பிடுங்கள். தாய்க் காசு தேய்ந்து முத்திரை கூர்மையாக இருப்பது இயல்பு. சுற்றியுள்ள உருவம் கூர்மையாக இருக்க, முத்திரை மட்டும் தேய்ந்திருந்தால் வாங்கவே வேண்டாம். புழங்கிய துண்டின் மூலைகளும் மழுங்கியே இருக்கும். வெட்டுமுகத்தில் ஒரே சீரான ரம்பக் கோடுகள் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஆண்டுக் கணக்குதான் பலரும் தவறவிடுவது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்தில் வெளியிட்ட துளைக் காசு இந்தத் தீவுக் காசுகளின் நெருங்கிய உறவு. நம் சென்னையிலிருந்து 1812-இல் கப்பலில் போன 40,000 காசுகளில் அது பிறந்தது. வளையத்துக்கு ஐந்து ஷில்லிங், நடுவில் வெட்டியெடுத்த வில்லைக்கு 15 பென்ஸ் மதிப்பு. முத்திரை ஆண்டு 1813. அதன் அடியில் 1814-ஆம் ஆண்டுத் தாய்க் காசு இருந்தால் அது போலிதான், வேறு சோதனையே தேவையில்லை. மதிப்பெழுதிய பக்கத்து இலைக் கொத்தில், அச்சு செய்த ஹென்ஷாலின் 'எச்' எழுத்தையும் தேடுங்கள்.

எதைச் செய்தாலும் காசைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். முத்திரைக் குழியில் படிந்த கருமையும் ஒரு சாட்சிதான். அதைத் துடைத்துவிட்டால் திரும்பாது.