சிசேரியன் பதிவுகளை ஆராய்வது எப்படி?

அரசு மருத்துவமனையில் நடக்கும் சிசேரியன்களை ஆராய்வோர், மொத்த விகிதத்தோடு நின்றுவிடாமல், உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்த ராப்சன் முறைப்படி, முந்தைய பிரசவம், கர்ப்ப காலம், கருவின் நிலை போன்றவற்றை வைத்து, பிரசவித்த தாய்மார் அனைவரையும் 10 பிரிவுகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். முன்பே சிசேரியன் ஆகி, நிறைமாதத்தில் தலை கீழாக உள்ள ஒற்றைக் கருவைச் சுமப்போர் அடங்கும் 5-ஆம் பிரிவே பல இடங்களில் சிசேரியன்களில் பெரும்பங்கு வகிப்பதால், முதல் அறுவை சிகிச்சை ஏன் நடந்தது என்பதே மிக முக்கியமான கேள்வி.

‘பிரசவம் முன்னேறவில்லை’ என்ற ஒற்றை வரியைக் காரணமாக ஏற்காதீர்கள்; கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருந்தது, எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள், குழந்தையின் இதயத்துடிப்பு எப்படி இருந்தது என்பதைக் கேஸ் ஷீட்டில் தேடுங்கள்.

விளைவுகளில் 1,000 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட இரத்தப்போக்கையும் பிறந்த 5-ஆம் நிமிடத்தில் குழந்தையின் உடல்நிலையைக் காட்டும் அப்கார் மதிப்பெண்ணையும் குறியுங்கள். தையலில் சீழ் பிடிப்பது பெரும்பாலும் வீடு திரும்பிய பிறகே தெரியவருமாதலால், 30 நாள் வரை தாயை விசாரிப்பது அவசியம்.